தொணைக்கு வந்தவர்

தையில் கிடா சேர்த்த ஆடுகள் ஆனியில் குட்டி போட்டிருக்க வேண்டும். ஆனி போய் ஆடியும் பிறந்துவிட்டது. மாகறலில் செய்யாற்றங்கரைக்குப் போகிற வண்டிப்பாதை ஓரம் அர்ஹந்த் போட்டிருந்த பரண் கொட்டகையில் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற குட்டிகள்தான் துள்ளிக்கொண்டிருந்தன. மற்ற ஆடுகளெல்லாம் வயிறு ஒட்டி, தீவனத் தொட்டிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நின்றன.

பார்க்க வந்த கால்நடை டாக்டரம்மா ஆடுகளை விட்டுவிட்டுக் கிடாக்களைப் பிடிக்கச் சொன்னார். இரண்டும் ஆளை அசத்துகிற கிடாக்கள். கழுத்தில் வெண்கல மணி, முறுக்கிய கொம்பில் மஞ்சள் பெயிண்ட்.

"ஆட்டு மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி. இதுங்க ரெண்டையும் யாரோ போட்டிக்குக் காட்டறதுக்கு தீனி போட்டு ஊத வச்சிருக்காங்க. இதுக்கு நடக்கவே மூச்சு வாங்குது. இன்னொண்ணுக்கு வெதை ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது, உள்ள கட்டி வேற. எங்க வாங்கின?"

"வீடியோல பாத்து வாங்கினேன் மேடம்."

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். சேதி ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒருவன், "நயினார் வூட்டு கிடா கூட நோம்பு இருக்குதுபா" என்றான். கடையே சிரித்தது. பெஞ்சின் கடைசியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தர்மசந்திரனும் சிரித்து வைத்தார். அவர்தான் அந்த நயினார். அர்ஹந்தின் அப்பா.

சிரித்தது வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாயில் கசந்தது.

மாகறலில் மிச்சமிருக்கிற சில சமண நயினார் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. கருக்கலுக்கு முன் சாப்பாடு, துணியில் வடிகட்டிய தண்ணீர், மண்ணுக்குள் விளைகிற எதுவும் உலைக்கு ஏறாத அடுப்பு. அந்த வீட்டுப் பையன் ஒரகடத்தில் கார் சாமான் கம்பெனியில் வேலை பார்த்தான். காண்ட்ராக்ட் முடிந்து திருப்பி அனுப்பியதும் இரண்டு மாதம் போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். பிறகு ஒரு நாள் எழுந்து, செம்மறி வளர்க்கப்போகிறேன் என்றான். வளர்த்து எங்கே அனுப்புவான் என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்ததுதான் வீட்டில் பெரிய சண்டையாக இருந்தது.

"கறிக்கு வளக்கறதுக்கு நம்ம வூட்ல ஒருத்தன் பொறக்கணுமா?" என்று அம்மா குணமாலா அழுதாள்.

"தங்கச்சி நித்யாவ பட்டுக்கடை வச்சிருக்கறவங்க வூட்டுக்குத் தான குடுக்கறீங்க? ஒரு பொடவைக்கு எத்தினி புழுவ வெந்நீர்ல போடறாங்கன்னு கேட்டீங்களா?" என்றான் அர்ஹந்த்.

அதோடு சண்டை தீரவும் இல்லை. அவன் கொட்டகையிலிருந்து வந்தால் பின்கட்டுக் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தர்மசந்திரன் கொட்டகைக்குப் பக்கத்துக் கழனியில் தினமும் மடை திருப்பினார். வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

தங்கை நித்யாவைக் கேட்டு வந்தவர்கள் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அப்பாண்டைராஜன்தான் எல்லாம் பேசினார். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பையன் ஏதோ ஆட்டுத் தொழில் பண்றாப்லன்னு சொன்னாங்களே" என்றார். "அதெல்லாம் விட்டுட்டான்" என்று தர்மசந்திரன் சொல்லிவிட்டார். அன்றைக்கு அர்ஹந்தை வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவர்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

டீக்கடைச் சிரிப்பு நடந்த அன்று சாயங்காலம், வெயில் இறங்குவதற்கு முன் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாழைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்புக் குழம்பு. அர்ஹந்த் தலை ஈரத்தோடு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நாளைக்கு தாமல் போறேன். கண்ணாயிரம்னு ஒருத்தரு, நல்ல கிடா வச்சிருக்காராம். ஆடு பாக்கத் தெரிஞ்ச நம்ம ஊரு தணிகாசலம் மாமா என் கூட வரேன்னாரு. அவருக்கு கால் வீங்கிக்கினு எழுந்துக்க முடில. நானே போய் பாத்துக்கறேன்."

இந்தத் தடவையும் ஏமாந்து வந்தால் அவன் திரும்பவும் போனைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவான் என்று தர்மசந்திரனுக்குத் தோன்றியது. உழவு மாடு இருந்த காலத்தில் சுற்று வட்டாரத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

"நான் வரேன்" என்றார்.

குணமாலா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். நித்யா அப்பாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அர்ஹந்த் மட்டும் தலை நிமிராமல், "ஏழு மணிக்குக் கெளம்பிடலாம்பா" என்றான்.

காலையில் பைக்கில் மகன் பின்னால் உட்கார்ந்ததும் தர்மசந்திரன் துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். வெயில் இன்னும் ஏறவில்லை.

தாமல் ஏரி பாதிக்கு மேல் வற்றி, காய்ந்த இடமெல்லாம் பச்சைப் புல் விட்டிருந்தது. கரைக்கு அந்தப் பக்கம் ஹைவே. லாரிகள் ஓடுகிற சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. சர்வீஸ் ரோட்டோரம் இளநீர் வண்டிகள். அதற்குக் கீழே, கருவேல மர நிழலில் கண்ணாயிரத்தின் பட்டி. பனைமட்டையும் மீன்வலையும் கட்டின வேலிக்குள் செவலை நிற ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. கண்ணாயிரம் ஐம்பதைத் தாண்டிய ஆள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"மாகறல்லேர்ந்து போன் பண்ணது நீங்கதானா தம்பி? வாங்க வாங்க." முக்காட்டுக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். "பெரியவரு அப்பாங்களா?"

அர்ஹந்த் வாய் திறப்பதற்குள் தர்மசந்திரன் முந்திக்கொண்டார். "சும்மா தொணைக்கு வந்தேன்."

அர்ஹந்த் அவரைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாயிரம் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். "நாலு பல்லு போட்ட வயசுக் கிடா நாலஞ்சு இருக்குது. எது வோணுமோ நீங்களே புடிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

முதலில் தர்மசந்திரன் வேலிக்கு வெளியேதான் நின்றார். அர்ஹந்த் உள்ளே போய், கூட்டத்திலேயே பெரியதாக இருந்த கிடாவின் கொம்பைப் பிடித்தான். கிடா அவனை இழுத்துக்கொண்டு இரண்டு சுற்று சுற்றியது.

"அது வாணாம்பா. பின்னங்கால பாரு. முட்டி ரெண்டும் உள்ள இடிக்குது. ஆட்டு மேல ஏறணும்னா பின்னங்கால்ல தான் மொத்த பாரமும் நிக்கணும்."

சொல்லிவிட்டு அவரும் வேலியைத் தாண்டி உள்ளே போயிருந்தார். எப்போது போனார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒதுங்கி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு கிடாவைக் கையைக் காட்டி மடக்கினார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். மேலண்ணத்தில் பல் சரியாகப் படிகிறதா என்று கட்டைவிரலால் தடவினார். கீழ் இமையை இழுத்தார். உள்ளே நல்ல சிவப்பு. முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். குளம்பு இடுக்கை விரித்து முகர்ந்தார். பிறகு ஒரு கணம் தயங்கிவிட்டுப் பின்னால் குனிந்து விதைப்பையைக் கையில் ஏந்தினார். இரண்டும் ஒரே அளவு, கெட்டியாக, கட்டி இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயின.

"இதோட தாய் எது?" என்று கேட்டார்.

கண்ணாயிரம் காட்டினார். மடி தளராத வயசான ஆடு ஒன்று.

"வருசா வருசம் போடுமா?"

"ஒரு ஈத்து தப்பாதுங்க. ரெண்டு தபா ரெட்டை போட்டுது."

"இத ஒரு ஆட்டுகிட்ட வுடு, பாக்கலாம்."

விட்டார்கள். கிடா மோந்து பார்த்து, மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி, முன்னங்காலால் ஆட்டின் விலாவைத் தட்டியது. தர்மசந்திரன் வாய்விட்டுச் சிரித்தார். முக்காடு நழுவித் தோளில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. "இவன் வேல செய்வான்" என்றார். அர்ஹந்தும் சிரித்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்பாவும் மகனும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

அதன் ஜோடிக்கு இன்னொன்றைத் தேடிப் பிடித்து, அர்ஹந்த் அதன் கழுத்தை இடுக்கிக்கொண்டு நின்ற நேரத்தில்தான் மேலே ரோட்டிலிருந்து குரல் கேட்டது.

"சம்பந்தி! நீங்க தான? கார்லேர்ந்தே பாத்தேன்."

வெள்ளை வேட்டியும் கையில் இளநீருமாக அப்பாண்டைராஜன் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஆரணிக்குத் தறிக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்புகிறவர். இளநீர் குடிக்க வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

தர்மசந்திரனின் கை அப்போதும் கிடாவின் முதுகில் இருந்தது. சட்டென்று எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"என்ன சம்பந்தி, இங்க?"

"ஒண்ணுமில்ல... இந்தப் பையன் எங்க ஊரு. கிடா வாங்கணும், கூட வாங்கன்னு கூப்ட்டுது. மாடு கன்னு பாத்த பழக்கம் எனக்கு இருக்குதில்ல, அதான்."

"அப்டியா?" அப்பாண்டைராஜன் அர்ஹந்தைப் பார்த்தார். "உன் பேரு இன்னாபா?"

தர்மசந்திரன் தோளில் கிடந்த துண்டை இறுக்கிப் பிடித்தார். அர்ஹந்த் என்பது சமணர்கள் மட்டும் வைக்கிற பேர், சொன்னாலே தெரிந்துபோகும். தினமும் சொல்லுகிற மந்திரத்தின் முதல் வணக்கமே அந்தப் பேருக்குத்தான். பிள்ளை பிறந்த அன்று அதை மூன்று தடவை அவன் காதில் சொன்னது அவர்தான்.

அர்ஹந்த் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கிடா திமிறியது. அதை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"அஜித் சார்."

"நல்லது, நல்லது." அப்பாண்டைராஜன் இளநீரை உறிஞ்சினார். "உங்க பையன் இந்தத் தொழில விட்டது நல்லதாப் போச்சு சம்பந்தி. எங்க வூட்டு பொம்பளைங்களுக்கு அதுதான் கொஞ்சம் உறுத்தலா இருந்துச்சு. இப்ப இன்னா பண்றாப்ல?"

"கம்பெனிக்குப் போறான்."

"எந்த கம்பெனி?"

"ஒரகடத்துல."

கண்ணாயிரம் ஒரு குச்சியை உடைத்துப் பல் குத்திக்கொண்டே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு நாள் குறிப்பது பற்றி இன்னும் கொஞ்சம் பேசிவிட்டு, "வர்றேம்பா அஜித்" என்று அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்பாண்டைராஜன் கரையேறிப் போனார்.

மேலே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ரெண்டையும் முடிச்சிக்கலாங்களா தம்பி?" என்று கண்ணாயிரம்தான் கேட்டார். "காலைல வண்டில போட்டு நானே கொணாந்து எறக்கிடறேன்."

"முடிச்சிக்கலாம்ணா." அர்ஹந்த் கிடாவை விட்டுவிட்டுச் சட்டையை உதறினான். பைக்கைக் கிளப்பினான். "ஏறுங்க பெரியவரே" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் எந்தக் கிழவரையும் கூப்பிடுவதுபோல, சாதாரணமாகச் சொன்னான். காஞ்சிபுரத்துக்குள் ஒரு சிக்னலில், "பெரியவரே, காலை ஸ்டாண்ட் மேல வைங்க, சைலன்சர் சுடும்" என்றான். தர்மசந்திரன் காலை எடுத்து வைத்துக்கொண்டார். அவன் தோளைப் பிடித்துக்கொள்ளப் போன கையைச் சீட்டின் பின்கம்பிக்குக் கொண்டுபோனார். ஓரிக்கை தாண்டிப் பாலாறு முழுக்க மணலாகக் கிடந்தது. பாலத்தின் மேல் காற்று வீசியபோதுதான் தன் கைகளில் கிடாவின் கொச்சை வாடை இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஊர் வந்ததும் அவரைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, அர்ஹந்த் வீட்டுக்கு வராமல் நேரே கொட்டகைக்குப் போய்விட்டான்.

கிணற்றடியில் குணமாலா வெந்நீர் வைத்திருந்தாள். மேலும் கீழும் தேய்த்துக் குளித்தார். சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் தட்டைத் தள்ளினார். பெண்டாட்டியிடம் எதையும் மறைக்கத் தெரியாத மனுசன். குணமாலா கேட்டதும் நடந்ததைச் சொன்னார்.

அவள் ஆட்டைப் பற்றித்தான் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவர் தள்ளின தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கொழந்த அஜித்னா சொன்னான்?"

"ம்."

"நீங்க சொல்லச் சொன்னீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. என் மூஞ்சியப் பாத்தான். அவனா சொல்லிட்டான்."

"ஆட்ட தொட்டீங்க, குளிச்சீங்க, போச்சு. இதுக்கு எந்தத் தண்ணில குளிக்கப் போறீங்க?" என்றாள். "அவன கெணத்தடியில நிறுத்தனது நான்தான். இல்லன்னு சொல்லல. ஆனா எம்புள்ள இல்லன்னு ஒரு நாளும் வாயால சொன்னதில்ல."

"பொண்ணு கல்யாணம் குணமாலா. நித்யாவுக்காகத்தான்..."

அறை வாசலில் நித்யா நின்றிருந்தாள். "எம்மேல போடாதீங்கப்பா" என்றாள். "எனக்காகன்னு சொல்லாதீங்க. நான் கேட்டனா? அவரு போன் பண்ணி உங்க அண்ணன் இன்னா பண்றாருன்னு கேட்டப்ப, ஆடு வளக்கறாருன்னுதான் நான் சொன்னேன்."

தர்மசந்திரன் அவளைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். அவன் பெரியப்பாவிடம் சொன்னானோ, சொல்லாமல் வைத்திருக்கிறானோ. எதுவானாலும், அந்த ஏரிக்கரையில் அவர் எந்த ரகசியத்தைக் காப்பாற்றப் பிள்ளையை விட்டாரோ அந்த ரகசியம் அங்கே இல்லவே இல்லை.

அர்ஹந்தின் சாப்பாட்டை நித்யா தூக்கில் எடுத்துக்கொண்டு போனாள்.

காலையில் கண்ணாயிரத்தின் வண்டி வருகிற சத்தம் கேட்டபோது தர்மசந்திரன் கழனி வரப்பில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். வண்டி கொட்டகை முன்னால் நின்றது. கண்ணாயிரம் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். கிடா இரண்டும் மிரண்டு உள்பக்கமாக ஒண்டிக்கொண்டன. அர்ஹந்த் ஒற்றை ஆளாக இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

கண்ணாயிரம் வரப்புப் பக்கம் திரும்பிக் கையசைத்தார். "இன்னாங்க பெரியவரே, ஒரு கை புடிங்க!"

தர்மசந்திரன் மண்வெட்டியை வரப்பில் சாத்தினார். வரப்பைத் தாண்டினார். கொட்டகை முன்னால் இறைந்து கிடந்த அகத்தித் தழையையும் புழுக்கையையும் மிதித்துக்கொண்டு வண்டிக்கு வந்தார். ஒரு கிடாவின் பின்னங்கால்களை அவர் பிடிக்க, கழுத்தை அர்ஹந்த் பிடிக்க, இறக்கினார்கள். இரண்டாவதையும் அப்படியே. மற்ற ஆடுகளோடு உடனே விடாமல், தனியாகத் தடுத்த இடத்தில் கட்டினார்கள். இந்த வேலை முடிகிறவரை அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"கண்ணாயிரம்" என்றார் தர்மசந்திரன். "நான் இவன பெத்தவன். நேத்து நான் சொன்னது பொய்."

கண்ணாயிரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "தெரியுங்க."

"தெரியுமா?"

"பட்டிக்குள்ள நிக்கற எந்தக் குட்டி எந்தக் கிடாவுதுன்னு பாத்தே சொல்றவன் நான். இந்த நெத்தியும் இந்தக் காதும் எனக்குத் தெரியாதா? அதோட தம்பி போன்லயே பேரச் சொல்லிச்சு. அப்புறம் அஜித்துன்னு சொன்னா நான் இன்னா நெனப்பேன்?"

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

கண்ணாயிரம் கயிற்றை வண்டிக்குள் எறிந்தார். "ஒரு மனுசன் பெத்த புள்ளைய பக்கத்துல வச்சிக்கினே இல்லன்றான்னா, அவனுக்கு இன்னா கஷ்டமோ. அதப் போயி நான் கேக்கறதா? எனக்கே கூச்சமா இருந்துச்சுங்க. அதான் ஏரியப் பாத்துக்கினு நின்னேன்." பிறகு அர்ஹந்திடம், ஒரு வாரம் கிடாக்களைத் தனியாகவே வைக்கச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

தர்மசந்திரன் நின்ற இடத்திலேயே நின்றார். அர்ஹந்த் வாளியில் தண்ணீர் மொண்டு கிடாக்களுக்கு வைத்தான். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அவருக்கு அதில் எழுத்து சரியாகத் தெரியாது. கண்ணைச் சுருக்கித் தேடி, அப்பாண்டைராஜனைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, நான் தர்மசந்திரன் பேசறேன். நேத்து தாமல்ல கிடாவ புடிச்சிக்கினு நின்னது என் பையன். பேரு அஜித் இல்ல, அர்ஹந்த். அவன் ஆட்டுத் தொழில விடல. கம்பெனிக்கும் போகல."

"அத ஏன் நேத்தே சொல்லல?" என்று கேட்டார் அப்பாண்டைராஜன்.

"வெக்கமா இருந்துச்சு."

"ஆடு வளக்கறதுக்கா?"

"நேத்து அதுக்கு. இன்னிக்கு, நான் சொன்னதுக்கு."

அப்பாண்டைராஜன் பெருமூச்சு விடுவது போனில் கேட்டது. "எங்க பையன் எங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டான் சம்பந்தி, உங்க பொண்ணு மறைக்காம சொல்லிச்சுன்னு. அதுல தான் வூட்டு பொம்பளைங்க அந்தப் பொண்ணு மேல ஒரு பிரியமாவே ஆயிட்டாங்க. உங்க வாயால வருமான்னு தான் நேத்து எறங்கி வந்தேன். அது உங்க பையன்னு மூஞ்சி ஜாடையிலயே தெரிஞ்சுபோச்சு. கல்யாணத்துல ஒரு மாத்தமும் இல்ல. பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குது. ஆனா இனிமே உங்க வார்த்தைய எப்டி எடுத்துக்கறதுன்னு தான் தெரியல. தப்பா நெனக்காதீங்க."

"தப்பா நெனக்கறதுக்கு இன்னா இருக்குது" என்றார் தர்மசந்திரன்.

போனைப் பைக்குள் வைத்தார். அவர் பேசினதை அர்ஹந்த் கேட்டிருப்பான். பத்தடி தூரம்தான். அவன் அகத்திக் கட்டை அவிழ்த்து, இரண்டாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

தர்மசந்திரன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு கட்டைத் தானும் எடுத்து அவிழ்த்தார். அவன் எழுந்து போகவில்லை. நகர்ந்து இடமும் கொடுக்கவில்லை. வெயில் ஏறுகிறவரை இருவரும் தழை கட்டினார்கள். பரண்மேல் ஏற்றிக் கட்டினார்கள். அவர் புழுக்கையைக் கூட்டி அள்ளினார். கிடா ஒன்று அவர் கையை நக்கியபோது இழுத்துக்கொள்ளவில்லை.

நடுவில் ஒரு தடவை, "அந்தக் கயிற எடுங்க" என்றான் அர்ஹந்த். இன்னொரு தடவை, "தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்டுச் செம்பை நீட்டினான். அப்பா என்றும் சொல்லவில்லை, பெரியவரே என்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. செம்பை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.